ஒழுங்காக வெட்ட ஓர் ஆள்

மெதுவாகப் போ தம்பி. எனக்காகச் சொல்லவில்லை. எனக்கென்ன, முன்னால் மெத்தையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நிற்கிறான் பார், அவனுக்காகச் சொல்கிறேன். நீ பள்ளத்தில் இறக்கி ஏற்றும்போதெல்லாம் கொம்பு கம்பியில் இடிக்கிறது. டங் டங் என்று கேட்கிறதா இல்லையா? கோயில் போய்ச் சேர்வதற்குள் கொம்பு உடைந்தால் சாமிக்கு ஆகாது. ஊனமில்லாத கிடாதான் கொடுக்க வேண்டும். அதற்காகச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

ஜெபராஜ் என்றுதானே பெயர் சொன்னாய்? கண்ணாடிக்கு மேலே உங்கள் சாமி ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். நல்ல படம். கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டில் என்ன, மட்டன் பிரியாணிதானே? சிரிக்காதே, ரோட்டைப் பார்.

நான் குறை சொல்லவில்லை. நானும் கறி தின்கிறவள்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் தெருமுனை வரைக்கும் என் குடல் குழம்பு மணக்கும். இந்த ஒரு வருஷமாகத்தான் எடுப்பதில்லை. பல் சரியில்லை. ஆகையால் என்னை ஏதோ ஜீவகாருண்யம் பேசுகிற ஆள் என்று நினைத்துவிடாதே. வெட்டுவது தப்பென்று நான் சொல்லவே மாட்டேன். ஒழுங்காக வெட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு காரியத்தை எடுத்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டுமா இல்லையா? தபால் ஆபீஸ் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து எழுந்தவள் நான். ஒரு ஸ்டாம்பைக் கோணலாக ஒட்டினால்கூட எனக்குப் பொறுக்காது.

அந்தக் கறிக் கம்பெனி கேட்டில் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றாளே, அவள்தான் என் மகள். கார்குழலி. மாட்டு டாக்டர். ஒரே பிள்ளை. அவள் அப்பா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான்.

போன வருஷம் ஆடியில் அவளுக்கு டெங்கு வந்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டிருந்தோம். ரத்தத்தில் ஏதோ தட்டுகளாம், இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். சுவரைப் பார்த்துப் பேசுகிற டாக்டரைக் கண்டால் பெற்றவளுக்குப் புரிந்துவிடும். வராண்டாவில் நின்று எங்கள் குலசாமி கருப்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: உயிருக்கு உயிர் தருகிறேன், இவளை விட்டுவிடு. விட்டுவிட்டான். அவன் வாக்கை அவன் காப்பாற்றினான். நான் காப்பாற்ற வேண்டும். இதில் என்ன குழப்பம் இருக்கிறது? யாருக்கும் விளங்குகிற விஷயம்.

அவள் வீட்டுக்கு வந்த வாரமே குட்டி வாங்கினேன். பால்குடி மறக்காத குட்டி. பெயரெல்லாம் வைக்கவில்லை. நேர்ந்துவிட்ட ஆட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது, அது எனக்குத் தெரியும். துரை என்று கூப்பிட்டால் வருவான், அவ்வளவுதான். காலையில் நான் பேப்பர் படிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று படித்து முடித்த தாளைத் தின்பான். இன்றைய பேப்பரைத்தான் தின்பான். பழைய பேப்பர் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்தக் கொழுப்புக்குத்தான் துரை என்று வாயில் வந்துவிட்டது.

பார், மறுபடியும் டங். பள்ளம் கண்ணில் படவில்லையா உனக்கு?

சரி, கேள். இந்த ஆடியில் போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனோம். சொந்தம் பூராவும் வந்திருந்தது. என் கொழுந்தனார் பரமகுரு, அவர் பெண்டாட்டி பேச்சியம்மாள், அவர்கள் வழி ஆட்கள், எல்லோரும் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். சமையல்காரர் மசாலா அரைத்து வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டிவிட்டார். குழலியும் லீவு போட்டு வந்திருந்தாள்.

உங்கள் பக்கம் இந்த வழக்கம் கிடையாது, அதனால் சொல்கிறேன். எங்கள் கோயிலில் எடுத்ததும் வெட்டிவிட முடியாது. கிடாயை நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை உச்சியிலிருந்து வால் வரைக்கும் ஊற்றிக் கேட்க வேண்டும். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலிர்ப்பு. அதுதான் உத்தரவு. சாமியும் சம்மதம், ஆடும் சம்மதம். சிலுப்பாத கிடாயைத் தொடக் கூடாது. உலகத்தில் வேறெங்கே தம்பி, சாகப் போகிற ஆட்டிடம் போய் உனக்குச் சம்மதமா என்று கேட்கிறார்கள்? இதைத்தான் நான் குழலியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உங்கள் கம்பெனியில் கேட்பீர்களா என்று.

வரிசையாகக் கிடாக்கள் நின்றன. எங்களுக்கு முன்னால் வேறு வேறு குடும்பத்துக் கிடாக்கள். ஊற்றுவார்கள், சிலுப்பும், பெண்கள் குலவை போடுவார்கள், பூசாரி முத்திருளாண்டி ஒரே வெட்டு. இழுத்துப் போட்டுவிட்டு அடுத்தது. தரையெல்லாம் ஒரே நசநசவென்று கிடந்தது. எங்கள் முறை வந்தது. ஊற்றினார்கள். நின்றான். மறுபடியும் ஊற்றினார்கள். நின்றான். கல்லால் அடித்து வைத்த மாதிரி நின்றான். மஞ்சள் தண்ணீர் தாடியிலிருந்து சொட்டுகிறது. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறான்.

"என்ன மதினி, நல்ல தீனி போட்டுத்தான வளத்தீங்க?" என்கிறார் பரமகுரு.

"தீனிக்கென்ன கொறச்சல்? மெத்தையில படுக்க வச்சு வளத்த கிடா. சிலுப்புறதுக்குக்கூட ஆள் வச்சுக் குடுக்கணும்போல" என்று பேச்சியம்மாள் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்போது இவள் வாயைத் திறந்தாள். டாக்டரம்மாள். "அது சிலுப்பாதும்மா. முன்னாடி நின்னதையெல்லாம் வெட்டுனதப் பாத்திருக்கு. ரத்தவாடை மூக்குல ஏறியிருக்கு. பயத்துல ஒறஞ்சு போய் நிக்குது. நிம்மதியா இருக்கிற ஆடுதான் ஈரத்த ஒதறும். இதக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க, தண்ணி வைங்க, ஒண்ண ஒண்ணு பாக்காம மறைப்புக் கட்டுங்க."

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. வராதா? "தாயி, எங்க பாட்டன் காலத்துலருந்து இந்த அருவா பேசுது. கண்ணு இமைக்கிறதுக்குள்ள தலை வேற முண்டம் வேற. வலின்னா என்னன்னு அது நெனைக்கிறதுக்கு நேரம் இருக்காது. ஒங்க கம்பெனியில கரண்டு வச்சுக் கொல்லுறீகளே, அது பாவம் இல்லையா?"

"கொல்லலைங்கய்யா. மொதல்ல நெனவு தப்ப வைக்கிறோம். அப்பறந்தான் கத்தி."

"நெனவு தப்புனதுகிட்டச் சம்மதம் எப்பிடிக் கேப்ப?"

நல்ல கேள்விதான். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஆள் கூடுகிறது, பரமகுரு ஒரு கட்சி, இளவட்டங்கள் ஒரு கட்சி, எது இரக்கம் எது பாவம் என்று பட்டிமன்றம். உச்சி வெயிலில் இவன் நனைந்தபடி நிற்கிறான். ஒருத்தருக்காவது அவனை நிழலில் கட்டுவோம் என்று தோன்றவில்லை தம்பி. நான்தான் போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் பட்டால் மஞ்சள் காய்ந்து போய்விடும், அப்புறம் எப்படிச் சிலுப்பும், அதனால்தான்.

கடைசியில் பரமகுரு சொன்னார்: "காதுக்குள்ள ஊத்துங்கப்பா. எல்லாரும் செய்றதுதான. பசிக்குது."

நான் விடவில்லை. காதுக்குள் ஊற்றினால் எந்த ஆடும் சிலுப்பும். அது உத்தரவா? கையைப் பிடித்து முறுக்கிக் கைநாட்டு வாங்குகிற மாதிரி. "அப்பிடி வாங்குற சம்மதம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் கோபம். பரமகுரு டவுனுக்கு ஆள் அனுப்பி பிராய்லர் கோழி வாங்கிவரச் சொன்னார். கருப்பன் கோயில் வாசலில் பிராய்லர் கோழிக் குழம்பு! இலையில் உட்கார்ந்துகொண்டு பேச்சியம்மாள், "இந்தக் கோழிகிட்டச் சம்மதம் கேட்டாச்சாக்கா?" என்று கேட்கிறாள். 

பூசாரி மட்டும் பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தாயி, ரெண்டு வழி இருக்கு. கிடாய கறிக்கடையில வித்துட்டு அதுல ஒரு மணி வாங்கிக் கட்டிரு, சாமி ஏத்துக்குவாரு. மனசு கேக்கலைன்னா கூட்டமில்லாத அன்னைக்கிச் சாயங்காலம் கொண்டாந்து இன்னொருவாட்டி கேட்டுப் பாரு. ஆடி முடியுறதுக்குள்ள செஞ்சிரு. உயிருக்கு உயிருன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்க."

உயிருக்கு உயிர்.  திங்கட்கிழமை குழலிக்குக் காய்ச்சல். சும்மா சளிம்மா என்கிறாள். போன வருஷமும் அவள் முதல் நாள் அப்படித்தான் சொன்னாள். இன்றைக்குக் கேட்டில் நிற்கும்போது இருமினாள், நீயும் கேட்டிருப்பாய். கேட்டாயா இல்லையா? லேசாகத்தான், இல்லையா? லேசாகத்தான் இருந்தது.

சரி, மணியே கட்டிவிடுவோம் என்று நேற்று சிக்கந்தர் பாய் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். நல்ல மனுஷன். என் குடல் குழம்புக்கெல்லாம் அவர் கடைதான். "சாமிக்கு நேந்ததாக்கா இது? அப்பிடின்னா என் கையால அறுத்தா எங்க சனம் வாங்காது" என்றார். இல்லை பாய், சாமி வேண்டாமென்று விட்டுவிட்டார், விற்கத்தான் வந்தேன் என்றேன். "அப்பச் சரி. வாங்கிட்டா அது என் ஆடு. பிஸ்மில்லா சொல்லித்தான் அறுப்பேன்" என்றார். சொல்லட்டும், எனக்கென்ன.

அவரும் முறைப்படிதான் செய்தார். இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். முதலில் தண்ணீர் வைத்தார். கத்தியை ஆட்டின் கண்ணில் காட்டக் கூடாதாம், முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டார். ஒன்றின் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாதாம். குழலி சொன்னதைத்தான் அவரும் சொன்னார், என்ன, அவர் மார்க்கத்தில் இருக்கிறதென்று சொன்னார். ஆனால் தம்பி, தண்ணீர் வைத்த சட்டியைப் பார்க்க வேண்டுமே! விளிம்பெல்லாம் ரத்தவாடை. இவன் மூக்கைக்கூட வைக்கவில்லை. இவன் என் எவர்சில்வர் வாளியில்தான் குடிப்பான். பின்னால் கிடக்கிறதே, அந்த வாளி.

"பாய், அங்க உரிச்சுத் தொங்குறது இதோட கண்ணுக்குத் தெரியுதே" என்றேன். சாக்கை எடுத்து மறைத்தார். "கத்தி பதமா இருக்கா?" என்றேன். நகத்தில் வைத்துக் காட்டினார். "அறுத்ததும் எவ்வளவு நேரத்துல நெனவு போகும்?" என்றேன். சொன்னார். "நிச்சயமாவா?" என்றேன். மனுஷன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, பல்லு மொளைச்ச காலத்துலருந்து இந்தத் தொழில்ல இருக்கேன். நீங்க ஆடு விக்க வந்தீகளா, எனக்குப் பரீட்சை வைக்க வந்தீகளா?"

கடைக்கு வந்த ஆட்களெல்லாம் சிரிக்கிறார்கள். கேட்டால் என்ன தப்பு? கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் எதற்குத் தொழில் செய்ய வேண்டும்? ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறந்தான் இன்றைக்கு உன் குட்டியானை வண்டியைப் பிடித்து இவ்வளவு தூரம் வந்தது. மகள் இருக்கிற இடமாயிற்றே, படித்தவர்கள் நடத்துகிற இடமாயிற்றே என்று. நீ வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தாய், உள்ளே என்ன நடந்ததென்று உனக்குத் தெரியாது.

குழலி மேனேஜரிடம் பேசி இந்த ஓர் ஆட்டுக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தாள். வந்த ஆடுகள் ஒரு ராத்திரி இளைப்பாற வேண்டுமாம், அதற்கென்று ஒரு கொட்டகை. பார்த்தேன். நல்ல நிழல், சுத்தமான தண்ணீர்த் தொட்டி, வழுக்காத தரை. குற்றம் சொல்ல முடியாது. அப்புறம் வளைந்து வளைந்து போகிற ஒரு சந்து, முன்னால் என்ன இருக்கிறதென்று ஆட்டுக்குத் தெரியாமல் இருக்க. அதன் கடைசியில் ஒருத்தர் நிற்கிறார். கையில் பெரிய இடுக்கி மாதிரி ஒன்று. தலையின் இரண்டு பக்கமும் வைத்து அமுக்கினால் கரண்டு பாயும், நினைவு போய்விடும். அதன் பிறகு கத்தி.

"சத்தமே இல்லையேடி" என்றேன்.

"அதுக்குத்தாம்மா இவ்வளவும்."

எனக்கு அது பிடிக்கவில்லை தம்பி. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஒரு குலவை இல்லை, ஒரு பிஸ்மில்லா இல்லை. மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும். ஒரு பையன் வந்து துரையின் காதில் மஞ்சள் வில்லை ஒன்றைக் குத்தப் போனான். என்னப்பா இது என்றேன். நம்பர் என்றான். "அதுக்குப் பேரு இருக்கு" என்றேன். ஒரு வேகத்தில் வந்துவிட்டது. அந்தப் பையன் குழலியைப் பார்க்கிறான், குழலி என்னைப் பார்க்கிறாள்.

"அம்மா, ஒனக்கு என்னதான் வேணும்? கோயில்ல வேணாம்ன, பாய் கடையில வேணாம்ன, இங்கயும் வேணாங்கிற. இதுக்கு மேல வலிக்காம எப்பிடிம்மா கொல்ல முடியும்? பேசாம வீட்டுக்குக் கொண்டு போ."

"நேத்திக்கடன்டி! ஒனக்காகத்தான்டி நேந்தேன்! காய்ச்சல் வந்திருக்கு, இருமுற!"

"எனக்காகத்தானன்னா என்னையக் கேட்டியா?"

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எப்படி இருக்கிறது பார். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தவளிடம் என்ன கேட்பது? நினைவில்லாதவளிடம் சம்மதம் எப்படிக் கேட்பது? சொல் பார்ப்போம்.

ஆக, யாரும் சரியில்லை. பூசாரி மற்றதன் கண் முன்னால் வெட்டுகிறார். பாய் கடையில் சட்டி சுத்தமில்லை. கம்பெனியில் எல்லாம் சுத்தம், ஆனால் ஓர் உயிர் போகிறதென்று ஒருத்தன் முகத்திலும் தெரியவில்லை. அரிவாள்காரர் கரண்டைப் பாவம் என்கிறார், கத்திக்காரர் எங்கள் மார்க்கம்தான் முறை என்கிறார், கரண்டுக்காரி அரிவாளைக் குறை சொல்கிறாள். ஆளாளுக்கு நியாயம் இருக்கிறது. வேலையைத்தான் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. சரி போகட்டும், இன்றைக்குச் சாயங்காலம் கோயிலில் கூட்டம் இருக்காது, பூசாரி மட்டும் இருப்பார், கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடுவோம் என்றுதான் நேரே போகச் சொன்னேன். இன்றைக்குச் சிலுப்பினால் முடிந்தது. எனக்கு வேறு வழியில்லை. என் பிள்ளை எனக்கு வேண்டும்.

நிறுத்து. தம்பி, நிறுத்து, நிறுத்து. அந்தப் பம்புசெட்டுப் பக்கமாக ஒதுக்கு. நாக்கு வெளியே வந்துவிட்டது அவனுக்கு. நீ ஓட்டுகிற ஓட்டில் தகரம் தோசைக்கல்லாகக் கொதித்திருக்கும். வாளியை எடு. பின் கதவைத் திற, மெதுவாக, காலில் பட்டுவிடப் போகிறது.

வாடா துரை. இறங்கு. பயப்படாதே, நான்தான். பார் தம்பி, இந்த வாளியில் எப்படிக் குடிக்கிறான் பார். நான் சொன்னேனே. முதுகைத் தொட்டுப் பார், கொதிக்கிறது. இரண்டு கை தண்ணீர் அள்ளி ஊற்றுகிறேன், சூடு தணியட்டும். அவ்வளவுதான், அவ்வளவுதான் ராஜா. வெயிலில் என் கண்ணைக் கொண்டுவந்து...

என்ன தம்பி அப்படிப் பார்க்கிறாய்?

ஆமாம், சிலுப்பினான். என் சேலையெல்லாம் தண்ணீராகத் தெறித்திருக்கிறது, எனக்குத் தெரியாதா? தலையிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பினான். அதற்கென்ன? தண்ணீர் பட்டால் நாய் சிலுப்பும், கோழி சிலுப்பும். உத்தரவா? இது எப்படி உத்தரவாகும்? மஞ்சள் கரைத்தோமா? மாலை போட்டோமா? பூசாரி நின்று கேட்டாரா? யாரோ ஒருத்தர் தோட்டத்துப் பம்புசெட்டுத் தண்ணீர். கேள்வியே கேட்கவில்லை, பதில் எங்கிருந்து வரும்? நீ வேதக்காரன், உனக்கு எங்கள் வழக்கம் தெரியாது. தெரியாததைப் பேசாதே. முத்திருளாண்டியை எங்கேயாவது பார்த்தால் உளறி வைக்காதே. நீ ஒன்றும் பார்க்கவில்லை.

ஏற்று அவனை. கொம்பைப் பிடிக்காதே, வயிற்றோடு சேர்த்துத் தூக்கு.

கோயிலுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், எனக்குத் தெரியும். நீ நேராகப் போ. வீட்டுக்கு. உடம்பெல்லாம் ஈரமாக இருக்கிறான், இந்தக் காற்றில் கோயில் வரைக்கும் கொண்டுபோனால் சளி பிடிக்கும். சளி பிடித்த கிடாயைச் சாமிக்குக் கொடுக்கலாமா? ஊனமில்லாததுதான் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன்.

இரு, ஒரு போன் பேசிக்கொள்கிறேன். குழலி. கழுத்துல கைய வச்சுப் பாரு. சுடுதா? நெசமாச் சொல்லு. இருமல்? சரி. சரி. இல்ல, கோயிலுக்குப் போகல. நீ சொன்னதுக்காக ஒண்ணும் இல்ல. வெந்நி வச்சுக் குடி. வை.

சுடவில்லையாம். சுடவில்லை என்றுதான் சொல்கிறாள்.

கருப்பா, நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய். நான் வாக்கு மாறுகிறவள் இல்லை. கிடா தயாராக இருக்கிறது. நானும் தயாராக இருக்கிறேன். ஒழுங்காக வெட்ட ஓர் ஆள்தான் இந்தச் சீமையில் கிடைக்கவில்லை. அதற்கு என் பிள்ளையின் மேல் கை வைத்துவிடாதே அப்பனே. ஆள் கிடைத்ததும் தருகிறேன்.

பள்ளம் வருகிறது தம்பி. மெதுவாக.